கரையை அழகாக்கும் முன் கழிவுநீரை நிறுத்துதல்: காவிரி டெல்டா நகரங்களுக்கான வழிமுறை

காவிரி டெல்டாவின் பழைய நகரங்கள் ஏதேனும் ஓர் ஆற்றைத் தொட்டே வளர்ந்தவை. கும்பகோணம் வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் இடையில் இருக்கிறது. தஞ்சாவூரை வடவாறும், மன்னார்குடியைப் பாமணியாறும், திருவாரூரை ஓடம்போக்கியாறும் தொட்டுச் செல்கின்றன. திருச்சிராப்பள்ளியின் நடுவே, சோழர் காலத்தில் வெட்டப்பட்டு பேட்டவாய்த்தலையிலிருந்து நீர் எடுக்கும் உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடுகிறது. இந்த ஊர்களில் எல்லாம் ஆற்றங்கரையில் நடைபாதை வேண்டும், பூங்கா வேண்டும், மாலையில் குடும்பத்துடன் அமர இடம் வேண்டும் என்ற கோரிக்கை எழுவது முற்றிலும் நியாயமானது. அந்தக் கோரிக்கையை எந்த வரிசையில் நிறைவேற்றுவது என்பதை நகர்மன்ற உறுப்பினர்களுக்கும், நகராட்சிப் பொறியாளர்களுக்கும், குடியிருப்போர் நலச் சங்கத்தினருக்கும் பயன்படும் வகையில் இங்கே எழுதியிருக்கிறேன்.

வரிசையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். டெல்டாவின் ஒரு சிறு நகரத்தில், கார்த்திகை மாதம் ஆறு கரைதொட்டு ஓடிய நாளில், கல்பதித்த நடைபாதையும் விளக்குகளும் திறந்து வைக்கப்பட்டன. அடுத்த பங்குனியில் அந்த இருக்கைகளில் ஒருவரும் இல்லை. நடைபாதைக்கு நேர் கீழே மூன்று சாக்கடைக் குழாய்கள் ஆற்றுக்குள் திறந்திருந்தன. வரைபடத்தில் அவை ‘மழைநீர் வடிகால்’ என்று குறிக்கப்பட்டிருந்ததால், அவற்றின் வாயைச் சுற்றிப் புதிதாகச் சிமெண்டு பூசி அப்படியே விட்டிருந்தார்கள். மழையில்லாத பங்குனியில் மழைநீர் வடிகாலில் நீர் வந்துகொண்டிருந்தால் அது மழைநீர் அல்ல என்பதை வேலை தொடங்கும் முன் யாரேனும் கேட்டிருந்தால், அந்தப் பணம் வீணாகியிருக்காது.

ஆற்றின் ஆண்டுக் கணக்கை முதலில் அறிதல்

டெல்டாவின் ஆறுகளில் பெரும்பாலானவை பாசனத்துக்காக முறைப்படுத்தப்பட்டவை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரியும் நீர், நீடாமங்கலம் போன்ற இடங்களில் மேலும் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு எனப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவின் தொடக்கத்திலும் மதகுகளால் அளந்து விடப்படுகிறது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின், வழக்கமாக ஜூன் 12-இல் அணை திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படும் நடைமுறை உருவானது. நீர்வரத்தைப் பொறுத்துத் திறக்கும் நாள் முன்பின் ஆகும். ஆயினும் ஜனவரி 28 முதல் ஜூன் 12 வரையிலான ஏறத்தாழ 135 நாள்கள் ஆற்றில் பாசன நீர் இருக்காது என்று கொண்டே திட்டமிட வேண்டும். ஆற்றுக்குள் இறங்கிச் செய்ய வேண்டிய எல்லா வேலைக்கும் கிடைக்கும் காலம் இந்த 135 நாள்களே. ஆகவே ஒப்பந்தப்புள்ளி கோரி, பணி ஆணை வழங்கும் வேலைகள் அனைத்தும் தை மாதத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். மார்ச் மாதம் பணி ஆணை பெற்ற ஒப்பந்ததாரர் மே இறுதியில் பாதி வேலையுடன் நிற்பதும், தண்ணீர் வந்தபின் அந்தப் பாதி வேலை அடித்துச் செல்லப்படுவதும் டெல்டாவில் பலரும் கண்டவை.

மாசின் அளவும் இந்த ஆண்டுக் கணக்கையே சார்ந்திருக்கிறது. ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் வழங்கப்பட்டு, அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்புகிறது என்பது பொறியாளர்கள் கையாளும் பொதுக் கணக்கு. அதன்படி நாளொன்றுக்கு 108 லட்சம் லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பதைக் காட்டும் பி.ஓ.டி. அளவு அந்தக் கழிவுநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வைத்தால், ஒரு நாளில் ஆற்றில் சேரும் சுமை 2,700 கிலோகிராம். இப்போது ஆற்றில் பி.ஓ.டி. 2 மில்லிகிராம் மட்டுமே உள்ள நல்ல நீர் வினாடிக்கு 2,000 கன அடி ஓடினால், கழிவு முழுவதும் கலந்த பின்னும் அளவு ஏறத்தாழ 2.5 ஆகவே இருக்கும். அதே நீர் வினாடிக்கு 20 கன அடியாகக் குறைந்துவிட்டால் அளவு ஏறத்தாழ 47 ஆக உயரும். நகரமும் கழிவும் மாறவில்லை. ஆற்றில் ஓடும் நீர் மட்டுமே மாறியிருக்கிறது. ஆடிப்பெருக்கு நாளில் எடுத்த மாதிரியை வைத்து ‘எங்கள் ஆறு தூய்மையாக உள்ளது’ என்று அறிக்கை எழுதுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

சாக்கடை வாய்களை நடந்து எண்ணுதல்

முதல் வேலைக்குப் பெரிய பணம் தேவையில்லை. கால்களும் குறிப்பேடும் போதும். மாசி அல்லது பங்குனியில், ஆறு வற்றியிருக்கும்போது, நகர எல்லைக்கு மேலே ஒரு கிலோமீட்டர் தொடங்கி கீழே ஒரு கிலோமீட்டர் வரை இரு கரைகளிலும் ஆற்றின் உட்புறமாக நடந்து, ஆற்றுக்குள் திறக்கும் ஒவ்வொரு குழாயையும் வாய்க்காலையும் ஓட்டையையும் எண்ணிட்டுப் பதிவு செய்ய வேண்டும். கைப்பேசியில் இருப்பிடக் குறியுடன் படம் எடுத்து, வாயின் அகலம், நீரின் நிறம், நாற்றம், நுரை, எண்ணெய்ப் படலம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிறிய குழாய்களின் நீர்வரத்தை ஒரு வாளியும் கடிகாரமும் கொண்டு அளக்கலாம். 15 லிட்டர் வாளி 10 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு ஒன்றரை லிட்டர். பெரிய வாய்க்கால்களில் முக்கோண வெட்டுள்ள பலகையைக் குறுக்கே நிறுத்தி, வெட்டின் வழியே வழியும் நீரின் உயரத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும்.

ஒரே நாளில் இருமுறை அளப்பது அவசியம். காலை 6 மணி முதல் 9 மணி வரை வீடுகளின் கழிவுநீர் உச்சத்தில் இருக்கும். இரவு 2 மணிக்கு வீடுகள் தூங்கும்போதும் ஒரு வாயில் குறையாமல் நீர் வந்தால், உடைந்த குடிநீர்க் குழாயோ, நிலத்தடி நீர்க் கசிவோ, இரவில் திறந்துவிடும் ஆலையோ இருக்கிறது என்று பொருள். டெல்டாவில் புழுங்கல் அரிசி ஆலைகளின் ஊறல் நீர், பட்டு நூலுக்குச் சாயமேற்றும் பட்டறைகளின் நீர், கல்யாண மண்டபங்களின் சமையல் கழிவு, இறைச்சிக் கூடங்களின் கழிவு ஆகிய நான்கையும் தனித்தனியே தேடிக் குறிக்க வேண்டும். முகூர்த்த நாளில் ஒரு முறையும் சாதாரண நாளில் ஒரு முறையும் அளந்தால் மண்டபங்களின் பங்கு தெளிவாகத் தெரிந்துவிடும்.

டெல்டா நகரங்களில் வெளியூர் ஆலோசகர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒன்று உண்டு. இங்கே இன்று சாக்கடை என்று அழைக்கப்படுபவற்றில் பல, ஒரு காலத்தில் பாசன வாய்க்கால்களாக இருந்தவை. அவற்றின் ஆயக்கட்டு, அதாவது அவற்றால் பாசனம் பெற்ற வயல்கள், வீட்டுமனைகளாக மாறிய பின்னும் தலைமதகு ஆற்றில் இருக்கிறது. கோயில் குளங்களுக்கு நீர் கொண்டுபோன கிளைகளும் அவற்றில் உண்டு. ஆகவே ஒரு வாய்க்கால் ஆற்றிலிருந்து நீர் எடுப்பதா, ஆற்றுக்கு நீர் தருவதா, இரண்டும் இல்லாமல் அடுத்த கிராமத்து வயலுக்குப் போவதா என்பதைக் கண்டறியாமல் அதன் வாயை அடைக்கக் கூடாது. பொதுப்பணித் துறையின் பழைய வரைபடங்களைத் தேடி எடுப்பதுடன், மதகுகளை இயக்கும் நீர்வளத்துறை ஊழியர்களான லஸ்கர்களையும், ஊரின் வயது முதிர்ந்த உழவர்களையும் உடன் அழைத்து நடப்பதே சரியான வழி. எந்த மதகு எந்தப் பக்கம் திறக்கும் என்பது அவர்களுக்கு நினைவில் இருக்கிறது. காகிதத்தில் பல நேரம் இருப்பதில்லை.

நீரைச் சோதித்தல்

ஆற்றங்கரை மேம்பாட்டுக்குக் குறிக்கோளாக வைக்க வேண்டியது குளிக்கத் தகுந்த நீர் என்ற தரமே. நம் ஊர்களில் ஆற்றங்கரைக்கு வருபவர் நீரில் கால் வைக்காமல் திரும்புவதில்லை. அந்தத் தரத்தின்படி கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பி.ஓ.டி. 3-க்கு மேற்படக் கூடாது. கார அமில நிலை 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். நீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியாவான மலக் கோலிஃபார்ம் 100 மில்லிலிட்டரில் 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது, 2,500-ஐத் தாண்டவே கூடாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளை ஐந்து வகையாகப் பிரிக்கும்போதும் பி.ஓ.டி. அளவையே அடிப்படையாகக் கொள்கிறது; 30-க்கு மேல் இருந்தால் முதல் முன்னுரிமை, 3 முதல் 6 வரை இருந்தால் ஐந்தாவது.

மாதிரியைக் கரையோரத் தேங்கலில் எடுக்காமல், ஓட்டத்தின் நடுவில், நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கீழே, நீர் வரும் திசையை நோக்கிப் புட்டியைப் பிடித்து எடுக்க வேண்டும். கரைந்த ஆக்சிஜனை அந்த இடத்திலேயே அளக்க வேண்டும், அல்லது வேதிப்பொருள் சேர்த்து அங்கேயே நிலைப்படுத்த வேண்டும். கோலிஃபார்ம் சோதனைக்கான புட்டி கிருமிநீக்கம் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். பனிக்கட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். விடியலுக்கு முன் ஒரு முறையேனும் ஆக்சிஜனை அளப்பது நல்லது. பாசியும் நீர்த்தாவரங்களும் பகலில் ஆக்சிஜனை வெளியிடுவதால் நண்பகலில் நன்றாகத் தோன்றும் நீரில், இரவு முழுவதும் அவை சுவாசித்த பின், விடியற்காலையில் மீன் வாழவும் ஆக்சிஜன் இல்லாமல் போகலாம்.

கழிவுநீரை ஆற்றுக்கு வராமல் திருப்புதல்

இந்த வேலையில் பணமும் காலமும் உழைப்பும் பெரும்பகுதி செலவாக வேண்டிய இடம் இதுவே. 1977-இல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ, சிங்கப்பூர் ஆற்றைப் பத்தாண்டுகளில் தூய்மைப்படுத்த வேண்டும் என்று இலக்கு வைத்தபோது, அந்நகரம் கரையில் பூங்கா அமைப்பதிலிருந்து தொடங்கவில்லை. பன்றி, வாத்துப் பண்ணைகள் அகற்றப்பட்டன; தெருவோர உணவுக் கடைக்காரர்களுக்குக் கழிவுநீர் இணைப்புள்ள உணவு மையங்கள் கட்டித் தரப்பட்டன; கழிவுநீர்க் குழாய் இல்லாத குடியிருப்புகளிலிருந்த குடும்பங்களுக்கு மாற்று வீடுகள் வழங்கப்பட்டன; 1983-இல் சரக்குப் படகுகள் வேறு துறைக்கு மாற்றப்பட்டன. இவற்றுக்கெல்லாம் பிறகே ஆற்றின் படுகை தூர்வாரப்பட்டு, கரைகள் மக்கள் கூடும் இடமாயின. அந்நாட்டின் நிதியும் நிர்வாக அமைப்பும் நம்முடையவை அல்ல. அவர்கள் பின்பற்றிய வரிசையை நாம் எடுத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.

டெல்டாவின் நிலம் ஏறத்தாழ சமதளமானது என்பதால் இங்கே பாதாளச் சாக்கடை அமைப்பது மேட்டுநில நகரங்களை விடக் கடினம். குழாயில் கசடு தங்காமல் இருக்க நீர் வினாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அதற்காக 250-க்கு 1 என்ற சரிவில் குழாய் பதித்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் குழாய் 4 மீட்டர் ஆழம் இறங்கிக்கொண்டே போகும். வண்டல் மண்ணில், நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்தில், அவ்வளவு ஆழம் தோண்டுவது செலவும் ஆபத்தும் மிகுந்தது. ஆகவே சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, கழிவுநீரை மோட்டாரால் மேலேற்றி அனுப்பும் கழிவுநீரேற்று நிலையங்களை அதிக எண்ணிக்கையில் அமைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். அப்படி அமைக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் மாற்று மோட்டாரும் டீசல் ஜெனரேட்டரும் இருந்தாக வேண்டும். மின்சாரம் நிற்கும்போது நிரம்பி வழியும் நிலையம், நகரத்தின் கழிவு முழுவதையும் ஒரே இடத்தில் ஆற்றில் கொட்டும் புதிய வாயாக மாறிவிடும்.

குழாய் பதிப்பதோடு வேலை முடிந்ததாக எண்ணும் வழக்கம் மிகவும் தீமை செய்கிறது. தெருவில் குழாய் இருந்தும் வீட்டிலிருந்து இணைப்பு இல்லாவிட்டால் அந்தக் கழிவுநீர் பழைய சாக்கடை வழியே ஆற்றுக்கே போகும். வைப்புத்தொகையையும் தரையை உடைக்கும் செலவையும் ஒரே தவணையில் கட்ட இயலாத குடும்பங்கள் நம் ஊர்களில் பல. சொத்துவரியுடன் சிறு தவணைகளில் வசூலித்து, இணைப்பை நகராட்சியே செய்து கொடுப்பது நல்லது. ‘எத்தனை கிலோமீட்டர் குழாய் பதித்தோம்’ என்பதை விட ‘எத்தனை வீடுகள் இணைந்தன’ என்பதை மாதந்தோறும் நகர்மன்றத்தில் கேட்க வேண்டும்.

குழாய் வலையமைப்பு முழுமையாக வரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்காமல், ஒவ்வொரு சாக்கடை வாயிலும் ஒரு தடுப்புத் தொட்டி கட்டலாம். கோடைக்கால ஓட்டம் முழுவதும் அந்தத் தொட்டியில் விழுந்து, கரையோரம் பதிக்கப்பட்ட குழாய் வழியே ஏற்று நிலையத்துக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது மிகுதி நீர் தடுப்பின் மேல் வழிந்து ஆற்றுக்குப் போகும். தொட்டிக்கு முன் கம்பி வலை வைத்து, அதில் சேரும் குப்பையை நாள்தோறும் அள்ள ஆள் அமர்த்த வேண்டும். ஆற்றில் நீர் உயரும்போது அது தொட்டிக்குள் புகாமல் இருக்க ஒருவழிக் கதவும் தேவை.

பாதாளச் சாக்கடை எட்டாத பகுதிகளில் செப்டிக் டேங்க்குகளே இருக்கின்றன. அவற்றிலும் பல, அடித்தளம் பூசப்படாத குழிகளாகவோ, மேல்நீரைத் தெருச் சாக்கடையில் விடுபவையாகவோ உள்ளன. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை உறிஞ்சி எடுக்கும் லாரிகளுக்கு உரிமம் வழங்குவதுடன், கொட்டுவதற்கு முறையான இடமும் ஊருக்குள்ளேயே தர வேண்டும். 20 கிலோமீட்டர் தள்ளி இடம் கொடுத்தால், லாரி ஓட்டுநர் இரவில் ஆற்றுப் பாலத்தின் ஓரத்தையே தேடுவார். திருச்சியில் கழிவுநீரேற்று நிலையங்களிலேயே லாரிகள் இறக்குவதற்கு இடம் தந்திருப்பது பின்பற்றத்தக்கது. எந்த நிலையிலும் மனிதரைத் தொட்டிக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ இறக்கிச் சுத்தம் செய்யக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. ஓர் உயிரைப் பணயம் வைத்துத் தூய்மையாக்கப்படும் ஆறு எனக்குத் தூய்மையானதாகத் தோன்றாது.

ஆலைகளையும் பட்டறைகளையும் பொறுத்தவரை 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இருக்கிறதா என்பதைச் சரிபார்த்து, சிறு சாயப் பட்டறைகளுக்குக் கூட்டுச் சுத்திகரிப்பு வசதி செய்து தர வேண்டும். சாயநீரை வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் விட அனுமதிக்கக் கூடாது. அதன் உப்பும் நிறமும் வீட்டுக் கழிவுநீருக்கான நிலையத்தில் நீங்குவதில்லை.

சுத்திகரித்த நீர் எங்கே போகிறது

சுத்திகரிப்பு நிலையத்தின் வகையை மின்கட்டணத்தையும் நிலத்தையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். திருச்சி பஞ்சப்பூரில் அமைக்கப்பட்டது போன்ற குளங்கள் வழியாகச் சுத்திகரிக்கும் முறைக்கு மின்சாரம் மிகக் குறைவு, நிலம் மிக அதிகம். இயந்திரங்களால் காற்றூட்டும் முறைக்கு நிலம் குறைவு, மின்சாரமும் பயிற்சி பெற்ற ஆட்களும் அதிகம். நாணலும் கோரையும் கல்வாழையும் வளர்த்து அவற்றின் வேர்ப்படுகை வழியே நீரைச் செலுத்தும் முறைக்கு ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் தேவைப்படும். ஒரு லட்சம் பேருக்கு அது 10 முதல் 20 ஹெக்டேர் ஆகிவிடும்; ஆனால் 2,000 பேர் கொண்ட ஒரு புறநகர்ப் பகுதிக்கு ஒரு ஏக்கருக்குள் அடங்கிவிடும். நஞ்சை நிலத்தை அழித்து நிலையம் கட்டுவதை நான் ஏற்பதில்லை. நகராட்சியின் புறம்போக்கும், பழைய குப்பைக் கிடங்குகளை மீட்டெடுத்த நிலமும் முதலில் பரிசீலிக்கப்பட வேண்டும்.

சுத்திகரித்த நீரை ஆற்றில் விட்டால் போதும் என்ற எண்ணத்திலும் ஒரு பிழை இருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் பிறப்பித்த ஆணையின்படி, சுத்திகரித்து வெளியேற்றும் நீரில் பி.ஓ.டி. 10-க்கு மேற்படக் கூடாது. குளிக்கத் தகுந்த நீருக்கான அளவு 3. ஆற்றில் வேறு நீரே இல்லாத சித்திரையில், அந்த 10 அப்படியே படித்துறைக்கு வந்து நிற்கும். எனவே அணை மூடப்பட்ட மாதங்களில் சுத்திகரித்த நீரை பருத்தி போன்ற கோடைப் பயிர்களுக்கும், சவுக்குத் தோப்புகளுக்கும், பூங்காக்களுக்கும் கொடுத்துவிட வேண்டும். பச்சையாக உண்ணும் காய்கறிகளுக்கு அதைப் பாய்ச்சக் கூடாது. நகரத்துக்குக் கீழே தள்ளி விட்டுவிடலாம் என்றும் நினைக்கக் கூடாது. கும்பகோணத்தை ஒட்டி ஓடும் அரசலாறு கடலைச் சேர்வது காரைக்காலில். நம் ஊரின் கீழ்ப்பகுதி எப்போதும் இன்னோர் ஊரின் மேல்பகுதிதான்.

படுகையும் செடிகளும்

கழிவுநீர் நின்ற பிறகே படுகையில் கைவைக்க வேண்டும். ஆகாயத் தாமரை கழிவுநீரின் சத்தை உண்டு வளர்வது. வெப்பமான காலத்தில் இரண்டு வாரங்களுக்குள் பரப்பளவு இருமடங்காகிவிடும். சத்து வருவதை நிறுத்தாமல் இயந்திரம் வைத்து அள்ளுவது ஆண்டுதோறும் திரும்பும் செலவாகவே இருக்கும். நெய்வேலிக் காட்டாமணக்கை வேருடன் அகற்றி, கரையை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய்க் காயவைக்க வேண்டும். ஈரத்தில் கிடக்கும் தண்டு மீண்டும் துளிர்க்கும். சாக்கடை வாய்களின் அருகே பல ஆண்டுகளாகப் படிந்த கறுப்புச் சேற்றை உலோகங்களுக்காகச் சோதித்த பின் அகற்ற வேண்டும். கரையிலேயே குவித்துவிட்டால் முதல் மழையில் அது ஆற்றுக்கே திரும்பும். மேட்டூர் நீர் வந்து சேரும் முதல் நாள்களில் படுகையில் தேங்கிய அழுக்கு முழுவதும் கடைமடைக்குத் தள்ளப்படுகிறது என்பதால், இந்த வேலை மே மாத இறுதிக்குள் முடிய வேண்டும்.

தூர்வாருதல் என்ற பெயரில் மணலை எடுக்க ஒருபோதும் இடம் தரக் கூடாது. அந்த மணல்தான் கோடையில் நிலத்தடி நீரைக் காத்து வைத்திருக்கிறது. படுகைக்குக் கான்கிரீட் தளம் இடும் யோசனையும் அதே காரணத்துக்காக மறுக்கப்பட வேண்டும். கல்லணைக் கால்வாயின் தரையில் கான்கிரீட் இடுவதை உழவர்கள் எதிர்த்ததற்கு, நீர் மண்ணில் இறங்காமல் போகும் என்ற அச்சமே காரணம். அந்த அச்சம் நியாயமானது.

கரையில் வாழும் மக்கள்

கரையை அளப்பதற்குக் கிராமக் கணக்கும் புலப்படமும் கொண்டு, நில அளவரை வைத்து, ஆற்றுப் புறம்போக்கின் எல்லையில் கல் நட வேண்டும். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி அறிவிப்புக் கொடுத்து, பதிலைக் கேட்ட பின்பே வெளியேற்ற இயலும். ஏழைக் குடிசைகளிலிருந்து தொடங்கி, கரையை வளைத்துக் கட்டப்பட்ட மண்டபங்களையும் வணிகக் கட்டடங்களையும் கடைசிக்கு ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை மாற்றி, பெரியவற்றிலிருந்து தொடங்கினால் ஊர் முழுவதும் திட்டத்தை நம்பும். சென்னையில் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். டெல்டா நகரங்கள் சிறியவை. இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள் மாற்று வீடு தர இயலும், தந்த பின்பே பழைய வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். தலைமுறைகளாக ஆற்றில் துணி வெளுத்தவர்களுக்கு, சோப்பு நீர் தனியே வடியும் சலவைத்துறையைக் கரையை ஒட்டியே கட்டித் தருவது கடமை.

கரையை அமைத்தல்

இதுவரை சொன்னவை முடிந்த பின் எஞ்சும் வேலை அழகானது. அதிகச் செலவும் இல்லாதது. ஆற்றங்கரை எப்படி இருக்க வேண்டும் என்பதை நம் முன்னோர் ஏற்கெனவே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். திருவையாற்றின் புஷ்ய மண்டபப் படித்துறை, கும்பகோணத்தின் பகவத் படித்துறையும் சக்கரப் படித்துறையும், மயிலாடுதுறையின் துலாக் கட்டம் ஆகியவற்றைப் பார்த்தால், நீர் எந்த உயரத்தில் நின்றாலும் மனிதர் அதைத் தொட ஒரு படி இருப்பதைக் காணலாம். உயரமான சுவர் கட்டி, அதன் மேல் நடைபாதை வைத்து, கீழே ஓடும் நீரை வேடிக்கை பார்க்கச் செய்யும் அமைப்பு இந்த மண்ணுக்குப் பொருந்தாது. அகமதாபாத்தில் சபர்மதியின் கரைச் சுவர்களுக்கு இடையில் நீர் நிற்பது, நர்மதைக் கால்வாயிலிருந்து நீர் விடப்படுவதால். சித்திரையில் நமக்கு அப்படி நீர் தர எந்தக் கால்வாயும் இல்லை. ஆகவே மணல் தெரியும் ஆறும் அழகாக இருக்குமாறு, கோடையில் சிறுவர்கள் இறங்கி விளையாடவும் முதியோர் நிழலில் அமரவும் ஏற்றதாக, கரையை வடிவமைக்க வேண்டும். மருதம், புங்கன், நாவல், அரசு ஆகிய மரங்கள் கரையைப் பிடித்து வைக்கும். அலங்காரப் புல்தரைக்கு ஊற்ற வேண்டிய நீரும் மிச்சமாகும்.

ஆற்றின் அகலத்தை ஓர் அடியும் குறைக்கக் கூடாது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில், கொள்ளிடப் பக்கம் இருந்த 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. காவிரியின் வேகத்தை மறந்து கரையில் கட்டும் எதுவும் அந்த வேகத்துக்கு எதிரில் நிற்காது; நீர்வளத்துறையின் வெள்ளக் கணக்கைப் பார்த்த பின்பே வரைபடத்தில் கோடு போட வேண்டும். கழிப்பறை, உணவுக் கடை, விளக்குக் கம்பத்தின் மின்பெட்டி ஆகியவை உச்ச வெள்ள மட்டத்துக்கு மேலே, கழிவுநீர் இணைப்புடன் அமைய வேண்டும். இணைப்பு இல்லாத ஒரு கடைக்கும் கரையில் உரிமம் தரக் கூடாது.

திதி கொடுக்கவும், அஸ்தி கரைக்கவும், ஐப்பசியில் துலா நீராடவும் வருபவர்களைத் தடையாகக் கருதாமல், இந்த வேலையின் முதல் துணைவர்களாகக் கருத வேண்டும். நீராடிய பின் துணியை ஆற்றில் விடும் பழக்கத்துக்கு மாற்றாக, படியின் மேலேயே துணி சேகரிக்கும் தொட்டியும் உடைமாற்றும் அறையும் வைத்து, புரோகிதர்கள் வாயிலாகவே சொல்லச் செய்தால் மக்கள் மனமுவந்து கேட்கிறார்கள். துலா நீராடலின் கடைசி நாளான கடைமுகத்துக்கும் ஆடிப்பெருக்குக்கும் தனித் துப்புரவுத் திட்டமும், களிமண் விநாயகர் சிலைகளைக் கரைக்கத் தனித் தொட்டியும் ஒவ்வோர் ஊரிலும் வேண்டும். 2028-இல் வரவிருக்கும் மகாமகத்துக்குக் கும்பகோணம் இப்போதே தன் வாய்க்கால்களை எண்ணத் தொடங்கினால்தான் காலம் போதும்.

பணமும் பொறுப்பும்

ஆறு நீர்வளத்துறையிடம், சாக்கடை நகராட்சியிடம், பாதாளச் சாக்கடைப் பணி பல இடங்களில் குடிநீர் வடிகால் வாரியத்திடம், கோயில் படித்துறை அறநிலையத் துறையிடம், புறம்போக்கு வருவாய்த் துறையிடம் இருக்கின்றன. மாவட்ட ஆட்சியரின் தலைமையில் இவர்கள் அனைவரும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் அமர்ந்து, சாக்கடை வாய்களின் பட்டியலை எண்வாரியாகப் படித்து, எது மூடப்பட்டது, எது ஏன் மூடப்படவில்லை என்று பதிவு செய்ய வேண்டும். நிதிக்கு, நகர்ப்புறக் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கான மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்டமும், ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களின் கழிவுநீருக்குத் தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டமும் 2021-இல் தொடங்கப்பட்டன. கட்டுமானத்தை விடப் பராமரிப்பே திட்டங்களைத் தோற்கடிக்கிறது. கங்கைத் திட்டத்தில் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கட்டுமானத்தின்போது 40 விழுக்காடும், எஞ்சிய 60 விழுக்காடு 15 ஆண்டுகளில், நிலையம் செயல்படும் விதத்தைப் பொறுத்தும் வழங்கும் ஒப்பந்த முறை கையாளப்படுகிறது. வெளியேறும் நீரின் தரத்துக்குப் பணம் தரும் இத்தகைய ஒப்பந்தத்தையே டெல்டா நகராட்சிகளும் கேட்டுப் பெற வேண்டும்.

முதல் கோடையில் எண்ணுதலும் சோதனையும், இரண்டாம் கோடையில் தடுப்புத் தொட்டிகளும் ஏற்று நிலையங்களும், மூன்றாம் கோடையில் படுகை, நான்காம் கோடையில் கரை என நான்கு ஆண்டுகளாவது தேவை. கரைப் பணிக்கான நிதியை விடுவிக்கும் முன் இரண்டு சோதனைகளை நகர்மன்றத் தீர்மானத்தில் எழுதி வைக்க வேண்டும். முதலாவது, ஏப்ரல் மாதத்தில் ஒரு வாரம் முழுவதும், காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் பார்க்கும்போது, பட்டியலில் உள்ள எந்த வாயிலும் நீர் வரக் கூடாது. இரண்டாவது, அணை திறந்து நீர் வந்து இரண்டு வாரங்களுக்குப் பின், நகரத்துக்கு மேலும் கீழும் எடுத்த மாதிரிகளில் பி.ஓ.டி. 3-க்குள்ளும், மலக் கோலிஃபார்ம் 2,500-க்குள்ளும் இருக்க வேண்டும். இந்த அளவுகளை மாதந்தோறும் படித்துறையின் மேற்படியில் ஒரு பலகையில் தேதியுடன் எழுதி வைக்க வேண்டும். நீரில் இறங்க வருபவர் அதைப் படித்துவிட்டு இறங்கட்டும்.